பல்லிக்குப் படுக்கை

மருமகனைக் குப்புறப் படுக்கவைத்து, அவர் மார்புக்கு அடியில் ஈர மாவைத் தள்ளி நிரப்பும் வேலை வேறெந்த மாமியாருக்கும் வாய்த்திருக்காது. அவளுக்கு வாய்த்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் பல நாள் சிரித்திருக்கிறாள்.

இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். ஒரே மகள். பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடும் அறையில் அவள் கை பழகியது. முறிந்த காலைத் தொட்டால் மனிதன் எந்த இடத்தில் பல்லைக் கடிப்பான் என்று தொடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். விமானத் தொழிற்சாலையின் சோதனைக் கொட்டகைக்கு, மனித உடம்பை அப்படியே அச்செடுக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது ஆஸ்பத்திரியில் இவளைக் கைகாட்டினார்கள். அங்கே எல்லோருக்கும் இவள் ‘மாவக்கா’ ஆனாள்.

அந்தக் கொட்டகையில் பிறந்த எதுவும் பார்ப்பதற்கு விமானம் மாதிரி இருந்ததில்லை. ஒன்று வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. ஓடுபாதையே வேண்டாம், நின்ற இடத்திலிருந்து நேரே எழும்பி, மேலே போய்ப் படுத்துக்கொண்டு பறக்கும் என்பது ஏற்பாடு. எழும்பியது, பறந்தது, இறங்கும்போதுதான் வினை. பைலட் மல்லாந்து கிடந்தபடி, தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பித் தரையைத் தேடி, வாலை மெதுவாகக் கீழே வைக்க வேண்டியிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஏணியில் பின்பக்கமாக இறங்குவது போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு பைலட் வேலையையே விட்டுப் போனார். இன்னொன்றுக்கு நீளமாக ஒரே இறக்கை. நடுவில் ஆணி அடித்து நிறுத்தியது போல, வேகம் கூடக் கூட அது சாய்வாகத் திரும்பும், ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால். மூன்றாவதற்கு வாலும் கிடையாது, உடம்பும் கிடையாது, வெறும் இறக்கை. இவற்றுக்கெல்லாம் தாளில் எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள் உண்டு. கொட்டகைக்காரர்கள் ஒட்டடைக்குச்சி, கத்தரி, வௌவால் என்றார்கள்.

இவற்றை வரைந்த தலைமைப் பொறியாளருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கோணல். அவர் காதுக்கும் அது எட்டியிருந்தது. “நேரா பறக்கறதெல்லாம் முன்னாடியே யாரோ பண்ணிட்டாங்க. நமக்கு மிச்சம் இருக்கறது கோணல்தான்” என்பார்.

நான்காவதுதான் பல்லி. அதில் பைலட் உட்கார மாட்டார். வயிறு கீழே இருக்க, தாடையை ஒரு சின்னத் தாங்கியில் வைத்து, கைகளை இரண்டு பக்கக் குழிகளில் நீட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டிய பல்லியைப் போலப் படுத்திருப்பார். விமானம் வேகமாக வளைந்து ஏறும்போது உட்கார்ந்திருப்பவனின் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டிவிடும். படுத்திருப்பவனுக்குத் தலையும் இதயமும் ஒரே மட்டம், அதனால் தாங்குவான். அதோடு ஆள் படுத்துவிட்டால் விமானத்தின் மூக்கை ஒல்லியாக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வளைவில் உடம்பு தன் எடையைப் போலப் பல மடங்கு கனக்கும். படுக்கையில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், அங்கே அது கல்லாகிவிடும். அதனால் ஓட்டுகிற ஆளின் உடம்பை அச்செடுத்து, அந்த அச்சிலேயே படுக்கை செய்ய வேண்டும். ஒருவர் படுக்கையில் இன்னொருவர் படுக்க முடியாது.

பல்லியை ஓட்ட முன்வந்தவர் அவள் மருமகன். மகளுக்கு அவரைத் தெரியவந்ததே கொட்டகை வாசலில்தான். அம்மாவைக் கூட்டிப்போக வந்தவள் அவரோடு பேச ஆரம்பித்து, அந்தப் பேச்சு கல்யாணம்வரை வந்தது.

முதல் தடவை அச்செடுக்க அவர் வெறும் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்து நின்றபோது இரண்டு பேருக்கும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். படுக்கைக்குத் தோல் தைப்பவர் மூலையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அவர் விடுவாரா?

“அக்கா, மாப்பிள்ளைக்கு மரியாதை எப்படி? இலையைப் போட்டு உக்காரவைக்காம மாவைப் போட்டுப் படுக்கவைக்கறீங்க?”

“நீங்க ஊசியைப் பார்த்துக் குத்துங்க அண்ணே, வாயில குத்திக்கப்போறீங்க.”

“அத்தை, எங்க படுக்கணும்?” என்றார் அவர். காது மடல் சிவந்திருந்தது.

“இப்படி வாங்க மாப்பிள்ளை. மூச்சை நிதானமா விடுங்க. சூடு ஏறும். பொறுக்க முடியலன்னா சொல்லிடுங்க.”

மாவு இறுகும்போது தானாகவே சூடாகும். அன்று கொஞ்ச நேரத்திலேயே, “அத்தை, சுடுது” என்று அவர் நெளிந்தார். தோல்காரர், “மாமியார் வீட்டு வரவேற்புன்னா சுடத்தான் செய்யும்” என்றார். கொட்டகையே சிரித்தது.

அடுத்த ஆண்டு பல்லியின் மூக்கை இன்னும் குறுக்கினார் கோணல். புதுப் படுக்கை தேவைப்பட்டது. அதற்குள் மருமகன் இளைத்திருந்தார். கழுத்தின் பின்புறம் மட்டும் திரண்டிருந்தது. மகளுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் படுக்கையை விட்டு எழக்கூடாது, அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

குளிர்காலம் அது. மாவு சீக்கிரம் பிடிக்க அவள் வெந்நீரில் கரைத்தாள். அன்று கரைசல் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. சூடு வழக்கத்தைவிட வேகமாக ஏறுவது அவள் விரலுக்குத் தெரிந்தது. வலது முழங்கைப் பக்கம் அவர் சட்டென்று கையை இழுத்தார்.

“அத்தை! தோல் உரியுது!”

“எழுந்துடுங்க, எழுந்துடுங்க.”

எழுந்தார். வலது முன்கையில் லேசான சிவப்பு. இடது கையை அவர் இழுக்கவே இல்லை. அவள்தான் மாவிலிருந்து தூக்கி எடுத்தாள். முன்கையின் உள்பக்கம் சுண்டுவிரல்வரை நெருப்புப் பட்டது போல் கன்றியிருந்தது. ஓரிடத்தில் கொப்புளமே கிளம்பிவிட்டது. அவர் வலது கையையே ஊதிக்கொண்டிருந்தார்.

அவள் அந்தக் கொப்புளத்தைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். தோல்காரர் வெளியே போயிருந்தார்.

“எத்தனை நாளா மாப்பிள்ளை?”

“என்னது?”

“என்கிட்ட வேணாம். எத்தனை நாளா?”

அவர் துண்டை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டார். “முதல்ல தோள்ல வலி இருந்துச்சு. அப்புறம் வலி போயிடுச்சு. நல்லதுன்னு நினைச்சேன். இப்ப ரெண்டு விரல் மட்டும் இல்லாத மாதிரி இருக்கு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன அந்த இரண்டு விரல் எதற்கென்று அவளுக்குத் தெரியும். அந்தக் கைக்குழியின் அச்சை எடுத்தவளே அவள்தான். மேலே ஆபத்தென்றால் இடது கைக்குக் கீழே இருக்கும் பிடியை இழுக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் தரைக்கதவு திறந்து, ஆள் படுக்கையோடு கீழே விழுந்து, பாராசூட் விரியும். மற்ற விரல்கள் என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலில் இருக்கும். பிடியைக் கொக்கி போல மாட்டி இழுக்க மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான்.

“கொட்டகை டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“சொன்னா அன்னிக்கே என்னை இறக்கிடுவாங்க அத்தை. இறக்கினா இறக்கினதுதான். இன்னும் கொஞ்சம் பறப்பு பாக்கி. முடிஞ்சா பல்லி தேறிடுச்சுன்னு கோணல் சார் எழுதிடுவாரு. அப்புறம் நானே போய்ச் சொல்லிக்கறேன்.”

“மேல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இருக்கற நிலைமையில அவ தாங்க மாட்டா.”

அந்த ஒரு வார்த்தையில் அவள் வாயை அடைத்துவிட்டார்.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மகள் படுத்தபடியே நாள் முழுக்கப் பேசுவாள். “ஏம்மா, அவரு இளைச்சுட்டாருல்ல? நீயாவது சொல்லேன், பல்லியை விட்டுட்டு மனுஷன் உட்கார்ந்து ஓட்டற விமானம் ஏதாவது ஓட்டச் சொல்லி.” அவள் “ம்” என்பாள். மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். உள்ளே அசையும். அசைவை விரல் உணரும்போதெல்லாம், உணராத அந்த இரண்டு விரல்களின் ஞாபகம் வரும். கையை எடுத்துக்கொள்வாள்.

கொட்டகை டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். பைலட்டுகளுக்குக் கை மரத்துப்போவதுண்டா? டாக்டர் நல்லவர்தான். “உங்க மாப்பிள்ளையைப் பத்திக் கவலைப்படறீங்களா? போன வாரம்தான் பார்த்தேன். என் கையை நசுக்கிட்டாரு” என்று சிரித்தார். பெருவிரலையும் இரண்டு விரலையும் கொண்டே ஒரு மனிதன் கையை நசுக்கிவிட முடியும் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது மருமகனைக் காட்டிக்கொடுப்பது. சொல்லாமல் போனால்? கதவுவரை போய்த் திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது.

மாவு அச்சு காய்ந்தபின் அதைச் சுரண்டி வழவழப்பாக்குவது அவள் வேலை. அதன்மேல்தான் படுக்கையின் மெல்லிய மேலோட்டைப் படியவைத்து வார்ப்பார்கள். இடது தோளையும் கழுத்தையும் சேர்க்கும் காறை எலும்புக்குக் கீழே வரும் இடத்தில் அவள் சுரண்டவில்லை. மாறாக, விரல் பருமனுக்கு ஒரு மேடு வைத்துப் பூசினாள். ஓரங்களைச் சரிவாக இழைத்ததால் கண்ணுக்குத் தெரியாது, மேலே தோல் போர்த்தியபின் தடவினால்கூடத் தெரியாது. ஆனால் நெஞ்சின் கனம் அதன்மேல் இறங்கினால் எந்த மனிதனாலும் கொஞ்ச நேரத்துக்குமேல் படுக்க முடியாது. முதல் ஒத்திகையிலேயே அவர் எழுந்து, படுக்கை சரியில்லை என்பார். மறுபடி அச்சு, மறுபடி வார்ப்பு. அதற்குள் குழந்தை பிறந்துவிடும். பிறந்தபின் அவளே மகளிடம் சொல்லிவிடுவாள். மகள் அவரைப் பார்த்துக்கொள்வாள். காலம் தள்ளினால் போதும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் அத்தனை ஆண்டு இருந்தவள், வலியைச் சொல்லாத நோயாளியைப் பார்த்ததே இல்லையா? பார்த்திருக்கிறாள். பதற்றத்தில் மறந்துவிட்டாள்.

ஒத்திகையன்று கோணல் வந்து நின்றார். கண்ணாடிக் கூண்டு இல்லாத மர மூக்கு ஒன்றில் படுக்கையைப் பொருத்தியிருந்தார்கள். மருமகன் ஏறிப் படுத்தார். முதுகுப் பட்டையை அவள்தான் இறுக்கினாள்.

அவர் உடம்பு அந்த மேட்டின்மேல் இறங்கியதும் முதுகுத் தசை ஒருமுறை துள்ளியது. அவள் மனசுக்குள்ளேயே கெஞ்சினாள். சொல்லுங்க மாப்பிள்ளை, சொல்லிடுங்க.

அவர் சொல்லவில்லை. கோணல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார். மருமகனின் பிடரியில் வியர்வை முத்து முத்தாகக் கட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, காதோரம் வழிந்தது. தாடைத் தாங்கியில் பல் கடிபடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பட்டையைத் தளர்த்துவதற்கென்று குனிந்தாள்.

“மாப்பிள்ளை, உறுத்துதா?”

“இல்லையே.”

“எப்படியப்பா இருக்கு?” என்றார் கோணல்.

“கச்சிதம் சார். இதுவரைக்கும் செஞ்சதுலயே இதுதான் கச்சிதம்.”

எழுந்து இறங்கியபின் அவள் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “நல்லா பண்ணியிருக்கீங்க அத்தை” என்றார். அவர் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது.

அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது, தான் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று. காறை எலும்புக்கு அடியில்தான் கைக்குப் போகும் நரம்பெல்லாம் கட்டாக ஓடுகிறது. மேலே அவர் வளைந்து ஏறும்போது அந்த மேட்டின்மேல் பல மனிதர்களின் கனம் இறங்கும். இரண்டு விரல் போன கையில் மிச்ச விரலும் போகும். அவரைத் தரையில் நிறுத்துவதற்காகச் செய்தது, மேலே அவரைக் கொல்வதற்கு உதவும்.

அதற்குள் படுக்கையை எடுத்துப்போய்விட்டார்கள். தோல்காரரிடம் ஓடினாள். “அண்ணே, அந்தப் படுக்கையைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க. ஒரு இடம் சரிபண்ணணும்.”

“ஏன்க்கா, கச்சிதம்னு மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. விமானத்துல பூட்டியாச்சு. காவல் போட்டாச்சு. விடிஞ்சா பறப்பு.” அவர் ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “என்னக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

காலையில் காற்று அடங்கியிருந்தது. பல்லி ஓடுபாதையின் முனையில், தரையோடு தரையாக, ஊசி மூக்கோடு நின்றது. மேல்கூண்டு திறந்திருந்தது. மருமகன் உள்ளே படுத்துவிட்டார். பட்டைகளைச் சரிபார்த்துவிட்டுக் கைகாட்ட வேண்டியது அவள். அவள் கைகாட்டினால்தான் கூண்டை மூடுவார்கள். ஏணியில் ஏறினாள். எதிர்ப்பக்க ஏணியில் கோணல் நின்றார். கீழே தோல்காரரும், பல்லிக்கு மாற்று பைலட்டாக இருந்த சின்னவரும், டாக்டரும்.

மேலிருந்து பார்த்தால் அவர் முதுகும் தலைக்கவசமும்தான் தெரியும். அவரால் தலையைத் திருப்ப முடியாது. அவர் பார்வைக்கு ஓடுபாதை மட்டும்தான், தன் கைகள்கூட இல்லை.

“அத்தை, பட்டை போதும். இறங்குங்க.”

அவள் இறங்கவில்லை. “சார், இந்தப் படுக்கை தப்பு” என்றாள். “இடது தோளுக்குக் கீழ மேடு இருக்கு. நான்தான் வேணும்னே வெச்சேன்.”

கோணலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னம்மா சொல்றீங்க? ஏன்?”

“அவருக்கு இடது கையில ரெண்டு விரல் செத்துப்போச்சு சார். பறக்கக்கூடாது.”

“சார், அத்தைக்குப் பயம்” என்று உள்ளிருந்து குரல் வந்தது, சிரிப்போடு. “வீட்டுல அவ புலம்பற புலம்பல் இவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. மூடச் சொல்லுங்க.”

கீழே யாரோ சிரித்தார்கள். “மாமியாரை ஏணியில ஏத்தினா இதுதான்” என்றது ஒரு குரல். கோணல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தோளைக் குலுக்கினார். “போன தடவை பார்த்தப்ப நல்லா இருந்தாரு.”

கோணல், “இறங்குங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரைத் தொட்டதெல்லாம் மாவோடுதான், கையைப் பிடித்ததில்லை. இப்போது குனிந்து, இடது கைக்குழிக்குள் கையை விட்டு, மெல்லிய கையுறைக்கு மேலாக அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தாள். பின்பக்கமாக வளைத்தாள். இன்னும் வளைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். கோணல் எதிர் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“என்னப்பா,” என்றார் மெதுவாக, “இப்ப உனக்கு ஏதாவது தெரியுதா?”

“என்ன சார் தெரியணும்? எல்லாம் சரியா இருக்கு. அத்தை இறங்கினா கிளம்பிடலாம்.”

விரல் புறங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே சிரித்தவர்கள் வாயை மூடிவிட்டார்கள்.  அந்த அமைதியின் நீளத்திலிருந்துதான் மருமகன் எதையோ ஊகித்தார்.

“அத்தை,” என்றார். “என்ன பண்றீங்க?”

அவள் விரலை விட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றே அவர் பறக்கத் தகுதியில்லை என்றார் டாக்டர். நண்பகலுக்கு முன்பே வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மகளுக்குப் புரிந்துவிட்டது. பயந்தது போல அவள் ஒடிந்துவிடவில்லை. “ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பொம்மை மாதிரி படுக்கவெச்சுட்டு நாடகமா போட்டீங்க?” என்று கத்தினாள். பிறகு அவர் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டு, “இது தெரியுதா? இது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 

அதற்குப் பிறகு மாமியாரிடம் அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றார்.

“உங்க மகளுக்காக என்னை இறக்கினீங்க அத்தை. அது சரிதான். இப்ப பல்லிக்குச் சின்னவனைப் போட்டிருக்காங்க. அவனை இறக்க யாரு ஏணியில ஏறுவா?”

அவள் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

மறுநாளே கோணல் ஆள் அனுப்பினார். படுக்கையில் கைவைத்ததற்கு அவளை வேலையை விட்டு நீக்கியாகிவிட்டது. ஆனால் சின்னவருக்கு அச்செடுக்க வேறு ஆள் இல்லை. எடுத்துக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவள் மறுத்திருக்கலாம். மறுத்தால் மாவைக் கையால் தொட்டறியாத யாரோ ஒருவர் எடுப்பார். எங்கே சுருக்கம் விழும், எங்கே நரம்பு ஓடுகிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. போனாலும் பாவம், போகாவிட்டாலும் பாவம் என்று ஒருநாள் முழுக்கக் கிடந்து புரண்டாள். பிறகு போனாள்.

சின்னவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அகன்ற தோள். ஈர மாவு பட்டதும் கூச்சம் தாங்காமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அம்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க! வயித்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“அசையாதப்பா. நீ சிரிச்சா சிரிச்ச வயிறுதான் அச்சுல விழும்.”

“விழட்டுமே. மேல போய்ச் சிரிச்சுக்கிட்டே இருக்கேன்.”

தோல்காரர் மூலையில் இருந்தார். அன்று அவர் ஊசியைப் பார்த்தே குத்திக்கொண்டிருந்தார்.

அவள் அதுவரை செய்த அச்சுகளில் அதுதான் சிறந்தது. சுரண்டியதைத் திரும்பத் திரும்பச் சுரண்டினாள். தோல் போர்த்தும் முன் தன் கன்னத்தை வைத்து ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். சின்னவரை உட்காரவைத்துச் சொன்னாள்: “விரல் சில்லுன்னு ஆனாலும் சரி, எறும்பு ஊர்ந்தாலும் சரி, அன்னிக்கே சொல்லிடணும். மறைக்கக்கூடாது.”

“சத்தியமா மறைக்க மாட்டேம்மா.”

மறைக்கவும் இல்லை. இரண்டாவது பறப்புக்குப் பிறகு சுண்டுவிரல் லேசாகக் குளிர்ந்தது என்று வந்து சொன்னார். அவளை மறுபடி கூப்பிட்டு அந்த இடத்தைத் தளர்த்தச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். படுக்கை சரி, விரல் சரி, மனிதன் சரி. நான்காவது பறப்பில் வளைந்து ஏறும்போது வலது இறக்கை நடுங்க ஆரம்பித்து, வேரோடு ஒடிந்தது. பிடியை அவர் இழுத்திருந்தார். கதவும் திறந்திருந்தது. உயரம்தான் போதவில்லை.

பல்லியை அதோடு கைவிட்டார்கள். படுத்து ஓட்டும் விமானத்தை வேறு நாடுகளும் செய்து பார்த்துக் கைவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். கோணல் கொட்டகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குப் பேத்தி பிறந்தாள். மருமகன் குழந்தையை வலது கையிலேயே தூக்குவார். சின்னவரின் சாவுச் செய்தி வந்த அன்று முற்றத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், விளக்கு வைக்கும்வரை எழவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிக் கையில் வாங்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் ஒரு நிம்மதி வரும். அடுத்த நொடியே அந்த நிம்மதி யாரைக் கொடுத்து வாங்கியது என்ற எண்ணம் வரும், குழந்தையை மகளிடம் கொடுத்துவிடுவாள்.

கொட்டகையில் விட்டுவந்த தன் சாமான்களை எடுக்க ஒருநாள் போனாள். சுரண்டும் தகடுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இவள் வயதுதான் இருக்கும். அகன்ற தோள். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இங்கதான் என் பையன் படுத்துப் பார்த்தானா?”

“ஆமாம். உள்ள வாங்க. உட்காருங்க.”

அந்த அம்மா உட்காரவில்லை. மேசையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். “சிரிப்பு வருதுன்னு சொன்னான். அந்த அம்மா நல்லா பார்த்துக்கறாங்கன்னு சொன்னான். நீங்கதானா அது?”

“நான்தான்.”

“அவனுக்கு அதுல வலிக்கலையே?”

“இல்லம்மா. வலிக்கல. அதை மட்டும் நான் அடிச்சுச் சொல்வேன்.”

அந்த அம்மா தலையாட்டினாள். வாசல் பக்கம் திரும்பிக் காலி ஓடுபாதையைப் பார்த்தாள். பிறகு, வழி கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

“அவனுக்கு முன்னாடி ஒருத்தரு ஓட்டினாராமே. அவரு ஏன் விட்டுட்டாரு?”

மழுப்ப இடமிருந்தது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் பொய்யும் இல்லை.

“அது என் மாப்பிள்ளை” என்றாள் அவள். “விரல் மரத்துப்போச்சு. அவரு சொல்லாம மறைச்சாரு. நான்தான் ஏணியில ஏறி எல்லார் முன்னாடியும் சொல்லி இறக்கிட்டேன். அப்புறம்தான் உங்க பையனை...”

 அடிக்கட்டும், திட்டட்டும் என்று நின்றாள். அந்த அம்மா அவளையே பார்த்தாள். கண்ணில் கோபம் வருவது போல இருந்தது, வரவில்லை.

“நானும் ஏறியிருப்பேன்” என்றாள். “எனக்கு யாரும் சொல்லலையே.”

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஓடுபாதை ஓரமாகவே நடந்து போனாள். மாவக்கா தகடுகளைக் கையில் வைத்தபடி, கூப்பிடவும் முடியாமல், பின்னாலேயே போகவும் முடியாமல் நின்றாள்.